பம்ப் கத்துகிறது, காபி சொட்டுகிறது: எஸ்பிரெசோ மெஷினில் பிரஷர் எங்கே போகிறது?

இரண்டாம்கோப்பை:
எல்லோருக்கும் வணக்கம். வீட்டு எஸ்பிரெசோ மெஷின் மக்கர் செய்கிறது. ஒரே பாய்லர், வைப்ரேஷன் பம்ப், 58 மி.மீ. போர்ட்டாஃபில்டர் (காபித்தூளை வைத்து மாட்டும் கைப்பிடிக் கிண்ணம்). ஷாட் முடிந்ததும், அதாவது காபி இறங்கி முடிந்ததும், மிச்சப் பிரஷரைக் கீழ்த்தட்டுக்குத் திருப்பிவிடும் மூன்றுவழி சொலினாய்டு வால்வு (மின்சாரத்தில் இயங்குவது) இருக்கிறது. பிரஷர் கேஜ் கிடையாது. வாரண்டி எப்போதோ முடிந்துவிட்டது.

சமீபத்தில் டிஸ்கேல் செய்தேன், அதாவது உள்ளே படிந்த உப்பை அமிலம் ஊற்றிக் கரைத்தேன். அதுவரை 18 கிராம் தூளுக்கு 30 வினாடியில் 36 கிராம் கொடுத்துக்கொண்டிருந்த மெஷின், இப்போது அதே கொட்டை, அதே அரைப்பு வைத்தால் வெகுநேரம் சும்மா இருந்துவிட்டு அப்புறம் சொட்டுச் சொட்டாக விடுகிறது. அரைப்பைக் கொரகொரப்பாக்கினால் வெறும் கருப்புத் தண்ணீர், மேலே நிற்கும் நுரையான கிரெமா என்ற பேச்சுக்கே இடமில்லை. போர்ட்டாஃபில்டரைக் கழற்றிவிட்டு ஓடவிட்டால் தண்ணீர் ஓரளவு நன்றாகவே வருகிறது. ஸ்டீமும் சரியாக இருக்கிறது. பம்ப் சத்தம் மட்டும் முன்பு மாதிரி இல்லை. முன்பெல்லாம் முதலில் சத்தமாக ஆரம்பித்து நாலைந்து வினாடியில் அடங்கிக் கனமான குரலுக்கு மாறும், இப்போது கடைசிவரை ஒரே கத்தல்.

பம்ப் போய்விட்டது என்கிறார்கள். புதுசு ஆர்டர் போடலாமா?

பழையபம்ப்:
போடுங்கள். வைப்ரேஷன் பம்ப் தேய்கிற பொருள்தான். உள்ளே ஒரு பிஸ்டன், ஒரு ஸ்பிரிங், சின்ன ரப்பர் வால்வுகள், வெளியே ஒரு காயில், அவ்வளவுதான். ரப்பர் தளர்ந்துவிட்டால் எதிரே தடை இல்லாதபோது தண்ணீர் தள்ளும், தடை வந்தால் தள்ளாது. நீங்கள் சொல்வது அச்சு அசலாக அதுதான். இரண்டு ஒயர், இரண்டு டியூப், அரை மணி நேர வேலை.

ஓம்மீட்டர்:
கொஞ்சம் பொறுங்கள் நண்பரே. பம்ப் போயிருக்கலாம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் டிஸ்கேல் செய்த கையோடு வந்த கோளாறு என்றால் எனக்கு முதல் சந்தேகம் பம்ப் மேல் வராது.

டேங்க்கிலிருந்து பம்ப் உறிஞ்சுகிற தண்ணீர் எங்காவது போய்த்தான் ஆகவேண்டும். உங்கள் மாதிரி மெஷினில் அதற்கு மூன்று வழி. ஒன்று, பாய்லர் வழியாக, போர்ட்டாஃபில்டர் மாட்டும் இடமான குரூப் ஹெட்டுக்கு. இரண்டு, பிரஷர் எல்லை மீறினால் ஓ.பி.வி. என்கிற பிரஷர் தணிக்கும் வால்வு வழியாகத் திரும்ப டேங்க்குக்கு. மூன்று, சொலினாய்டு ஒழுகினால் வெளியேற்றுக் குழாய் வழியாகக் கீழ்த்தட்டுக்கு. இந்த மூன்றில் எதில் எவ்வளவு போகிறது என்று தெரிந்துவிட்டால் எந்தப் பாகத்தில் கோளாறு என்பது தானாகத் தெரிந்துவிடும். மெஷினின் மூடியைக் கூடத் திறக்க வேண்டாம். ஸ்டாப் வாட்ச், இரண்டு கோப்பை, சமையலறைத் தராசு போதும்.

செய்ய வேண்டியது: டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள், பெரும்பாலும் இரண்டு டியூப் இருக்கும். உறிஞ்சுகிற டியூப் நுனியில் சல்லடை இருக்கும், மற்றது திரும்பி வருகிற டியூப். அந்த இரண்டாவதன் நுனியை எடுத்து ஒரு கோப்பைக்குள் விடுங்கள். போர்ட்டாஃபில்டர் போடாமல் குரூப்புக்கு அடியில் இன்னொரு கோப்பை. பம்ப்பை 30 வினாடி ஓடவிட்டு இரண்டையும் எடை போடுங்கள். கீழ்த்தட்டுக்கு வருகிற குழாயில் ஏதாவது சொட்டுகிறதா என்றும் கவனியுங்கள். இதைக் குளிர்ந்த மெஷினிலேயே செய்யலாம், சூடு ஏறும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

பழையபம்ப்:
இதில் ஓர் ஓட்டை இருக்கிறது. என் மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனாலும் பிளைண்ட் பாஸ்கெட் போட்டு ஓடவிட்டால் ரிட்டர்ன் டியூபில் தண்ணீர் கொட்டத்தான் செய்கிறது. கொட்டுவதை வைத்து ஓ.பி.வி. போச்சு என்று எப்படிச் சொல்வீர்கள்?

ஓம்மீட்டர்:
நல்ல கேள்வி, அதனால்தான் போர்ட்டாஃபில்டர் இல்லாமல் பார்க்கச் சொன்னேன். ஓட்டையில்லாத பிளைண்ட் பாஸ்கெட் போட்டால் தண்ணீருக்குப் போக இடமில்லை. பிரஷர் ஏறி, வால்வில் வைத்திருக்கும் அளவைத் தொட்டதும் ஓ.பி.வி. திறந்து எல்லாம் டேங்க்குக்குத் திரும்பும். அது அதன் வேலை. அரைப்பு ரொம்ப நைஸாகி ஷாட் அடைத்துக்கொண்டாலும் இதுவேதான் நடக்கும்.

ஆனால் குரூப் திறந்து கிடக்கும்போது பிரஷரே கிட்டத்தட்ட இல்லை. அப்போது ரிட்டர்ன் டியூப் காய்ந்து கிடக்க வேண்டும். அந்த நேரத்திலும் அதில் தண்ணீர் ஓடினால் வால்வு மூடவே இல்லை என்று அர்த்தம். தேய்ந்த பம்ப் என்றால் இரண்டு கோப்பையிலும் சேர்த்தே தண்ணீர் கம்மியாக இருக்கும். இதுதான் வித்தியாசம்.

சத்தமும் ஒரு தடயம். பிரஷர் ஏறினால் பிஸ்டனின் ஓட்டம் குறுகும், குரல் அடங்கும். இரண்டாம்கோப்பை சொல்கிற கடைசிவரை மாறாத கத்தல், பம்ப் தடையே இல்லாமல் ஓடுவதைக் காட்டுகிறது. அடைத்துக்கொண்ட ஷாட்டில் சத்தம் அடங்கியிருக்கும். அதனால் அரைப்பின் மேல் பழிபோடவும் முடியாது.

நீராவி:
குறுக்கே ஒரு வார்த்தை. எல்லா மெஷினிலும் ரிட்டர்ன் டியூப் டேங்க்குக்கு வருவதில்லை. சிலவற்றில் ஓ.பி.வி. தண்ணீரைப் பம்ப்பின் உறிஞ்சும் பக்கத்துக்கே டி-இணைப்பு வழியாகத் திருப்பிவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. சிலவற்றில் கீழ்த்தட்டுக்குப் போகும், அதை சொலினாய்டு ஒழுகல் என்று நினைத்து ஏமாந்தவர்கள் உண்டு. விலை குறைந்த மெஷின்கள் சிலவற்றில் ஓ.பி.வி.யே இருக்காது.

அப்புறம் இரண்டாம்கோப்பை, டிஸ்கேல் எதை வைத்துச் செய்தீர்கள்? கடைசியாக அதற்கு முன் எப்போது?

இரண்டாம்கோப்பை:
சிட்ரிக் அமிலம், ஒரு லிட்டருக்குச் சுமார் 20 கிராம். அதற்கு முன்னால் வெகுநாளாகச் செய்யவில்லை, தண்ணீர் கொஞ்சம் கடினமானதுதான். மெஷினில் ஊற்றி, பாய்லருக்குள் இழுத்துவிட்டு, ஊறவைத்து, கழுவினேன். வெள்ளை வெள்ளையாகச் சில்லுகள் குரூப் வழியே வந்தன.

இப்போது சோதனைக்கு வருகிறேன். 30 வினாடியில் குரூப்பில் 115 கிராம், ரிட்டர்ன் டியூபில் 148 கிராம். கீழ்த்தட்டில் ஒன்றும் இல்லை. போர்ட்டாஃபில்டர் இல்லாமல்தான் செய்தேன், ஸ்விட்ச் போட்ட அந்த நொடியிலேயே ரிட்டர்ன் ஓட ஆரம்பித்துவிட்டது.

ஓம்மீட்டர்:
சரி, பம்ப் ஆர்டர் வேண்டாம். இரண்டையும் கூட்டினால் 30 வினாடியில் 263 கிராம், நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல். இந்த வகைப் பம்ப் தடையில்லாமல் தள்ளுவது ஏறக்குறைய அந்த அளவில்தான் இருக்கும். பம்ப் தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது, அது தள்ளுவதில் பாதிக்கு மேல் திரும்ப டேங்க்குக்குப் போய்விடுகிறது. ஓ.பி.வி. திறந்தபடி மாட்டிக்கொண்டிருக்கிறது. நீங்கள் பார்த்த வெள்ளைச் சில்லுகளில் ஒன்று உள்ளே உட்கார்ந்திருக்கும் என்பது என் ஊகம்.

பழையபம்ப்:
எண்களைப் பார்த்தால் ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் ஒரு சந்தேகம். நான் பார்த்த மெஷின்களில் ஓ.பி.வி. பம்ப்புக்கும் பாய்லருக்கும் நடுவில், ஒருவழி வால்வுக்கும் முன்னால் இருக்கும். பாய்லருக்குள் உடைந்த சில்லு நீரோட்டத்துக்கு எதிராக நீந்தி வந்தா அதில் உட்காரும்?

ஓம்மீட்டர்:
அப்படி அமைந்த மெஷினில் வராது. அங்கே டேங்க்கிலிருந்து வந்த குப்பையைத்தான் தேட வேண்டும், முக்கியமாகச் சல்லடையைக் கழற்றிவைத்துவிட்டு டிஸ்கேல் செய்திருந்தால், அல்லது அமிலத்தூள் முழுக்கக் கரையாமல் ஊற்றியிருந்தால். ஆனால் ஓ.பி.வி.யை பாய்லரின் தலையிலேயே திருகி வைத்திருக்கும் மெஷின்களும் நிறைய. அங்கே வால்வு திறக்கும்போது வெளியேறுவது பாய்லருக்குள் இருக்கும் தண்ணீர்தான், சில்லும் கூடவே வரும். இரண்டாம்கோப்பை மூடியைத் திறந்தால் எது என்று தெரிந்துவிடும்.

இரண்டாம்கோப்பை:
திறந்து பார்த்தேன். பாய்லர் மேலேதான் இருக்கிறது. பித்தளையில் விரல் நீளத்துக்கு ஒரு உருளை, தலையில் ஒரு திருகு, பக்கவாட்டில் டேங்க்குக்குப் போகும் டியூப். இதற்கு மேல் கை வைப்பதற்கு முன் என்ன பார்த்துக்கொள்ள வேண்டும்?

நீராவி:
மூடியைத் திறக்கும்போது பிளக்கைப் பிடுங்கியிருந்தீர்கள் என்று நம்புகிறேன். ஸ்விட்சை அணைப்பது போதாது, சுவரிலிருந்து பிளக்கே வெளியே வந்து கண்ணில் படுகிற இடத்தில் கிடக்க வேண்டும். மெஷின் முழுக்க ஆறட்டும். ஸ்டீம் குமிழைத் திறந்து உள்ளே இருக்கும் பிரஷரை வெளியேற்றிவிடுங்கள். சூடான பாய்லரின் இணைப்பைத் தளர்த்தினால் அதிலிருந்து வருவது வெறும் வெந்நீர் இல்லை, பிரஷர் போனதும் அந்த நொடியே கொதித்து ஆவியாகச் சீறும். டேங்க்கை எடுத்து ஓரமாக வைத்துவிடுங்கள், ஒயர்களுக்கு மேல் தண்ணீர் சிந்துவது வேண்டாத வேலை. எதைக் கழற்றும் முன்பும் இரண்டு பக்கத்திலிருந்து போட்டோ.

ஓம்மீட்டர்:
இன்னும் சில விஷயங்கள்.

தலையில் இருக்கும் திருகுதான் பிரஷரைத் தீர்மானிக்கிறது, உள்ளே போகப் போக ஸ்பிரிங் இறுகும், பிரஷர் ஏறும். ஆகவே அதைத் தொடும் முன் மார்க்கர் பேனாவால் திருகிலும் உடம்பிலும் சேர்த்து ஒரு கோடு. கழற்றும்போது எத்தனை சுற்று என்று எண்ணி எழுதி வையுங்கள், மனக்கணக்கு வேண்டாம்.

வால்வைப் பாய்லரிலிருந்து எடுப்பதாக இருந்தால் இரண்டு ஸ்பேனர் வேண்டும். ஒன்று பாய்லர் பக்கத்து நட்டை அசையாமல் பிடிக்க, இன்னொன்று திருப்ப. பாய்லர் அலுமினியமாக இருந்தால் ரொம்பக் கவனம், பித்தளைத் திருகோடு சேர்ந்து அலுமினிய மரையும் உரிந்து வந்துவிடும், அதோடு பாய்லருக்கே முழுக்குப் போட வேண்டியதுதான். திருக முடியாமல் இறுகியிருந்தால் பலத்தைக் காட்டாதீர்கள், நான் முதலில் தலைத்திருகை மட்டும் எடுத்து உள்ளே இருப்பதை வெளியே கொண்டுவரப் பார்ப்பேன். அதிலேயே பாதி நேரம் வேலை முடிந்துவிடும்.

உள்ளே ஒரு ஸ்பிரிங், ஒரு சின்னப் பிஸ்டன், அதன் நுனியில் ரப்பர். ரப்பர் போய் உட்காரும் பித்தளை இருக்கையைக் கத்தியாலோ ஊசியாலோ சுரண்டவே கூடாது. முடி அளவு கீறல் விழுந்தாலும் அது நிரந்தர ஒழுகல். சிட்ரிக் கரைசலில் காது குடையும் பஞ்சை நனைத்துத் துடைத்தால் போதும்.

ஆவி_பறக்கும்_அறை:
இழையின் நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்கும் மெஷின் பிரச்சினைதான், ஆனால் வேறு மாதிரி. போட்டால் சூடாக ஆரம்பிக்கிறது, சில நிமிடங்களில் வீட்டின் எர்த் லீக்கேஜ் பிரேக்கர் விழுந்துவிடுகிறது. ரொம்ப நாள் பெட்டியில் கிடந்த மெஷின். எர்த் ஒயரை மட்டும் கழற்றிவிட்டால் பிரேக்கர் விழாது என்று ஒருவர் சொல்கிறார், செய்யலாமா?

ஓம்மீட்டர்:
கூடவே கூடாது. பிரேக்கர் விழுகிறது என்றால் மின்சாரம் மெஷினின் உடம்புக்குக் கசிகிறது. எர்த்தைக் கழற்றினால் கசிவு நிற்காது, பிரேக்கர் விழுவதுதான் நிற்கும். அடுத்து உலோக உடம்பைத் தொடுகிற கை அந்த எர்த்தின் வேலையைச் செய்யும்.

பெரும்பாலும் ஹீட்டிங் எலிமென்ட்தான் காரணம். எலிமென்ட்டின் குழாய்க்குள் மெக்னீசியம் ஆக்ஸைடு தூள் நிரப்பியிருப்பார்கள், மின்சாரத்தைத் தடுத்து வெப்பத்தை மட்டும் கடத்துவதற்கு. அது ஈரத்தை இழுக்கும். நீண்ட நாள் சும்மா கிடந்த எலிமென்ட் முனைகளின் வழியே ஈரத்தை உறிஞ்சிக் கசிய ஆரம்பிக்கலாம். அதை வெளியே எடுத்து இளஞ்சூட்டில் நன்றாக உலர்த்தினால் சில நேரம் சரியாகிவிடும். வெளிக்குழாய் அரித்துப்போய்த் தண்ணீரே உள்ளே இறங்கியிருந்தால் மாற்றுவதைத் தவிர வழியில்லை.

சோதிக்க: பிளக்கைப் பிடுங்கி, எலிமென்ட்டின் இரண்டு ஒயரையும் கழற்றுங்கள். இரண்டு முனைக்கும் நடுவில் மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். வோல்ட்டேஜை வர்க்கமாக்கி வாட்டால் வகுத்தால் வரவேண்டிய எண் கிடைக்கும். 230 வோல்ட்டில் 1200 வாட் என்றால் ஏறக்குறைய 44 ஓம், 120 வோல்ட்டில் அதே வாட் என்றால் 12 ஓம். அது சரியாக இருந்தால் எலிமென்ட் அறுந்துபோகவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். கசிவைப் பார்க்க ஒரு முனைக்கும் பாய்லர் உடம்புக்கும் நடுவில் அளக்க வேண்டும். இங்கே சாதாரண மல்டிமீட்டர் ஏமாற்றும், அது தருகிற சின்ன வோல்ட்டேஜில் எல்லாம் நலமாகத் தெரியும். 500 வோல்ட்டில் சோதிக்கும் மெக்கர் வேண்டும். அது கையில் இல்லையென்றால் எலக்ட்ரீஷியனிடம் மெஷினைக் கொண்டுபோய்க் காட்டிவிடுங்கள், அவருக்கு இரண்டு நிமிட வேலை.

அதற்கு முன் கண்ணால் ஒருமுறை பாருங்கள், மேலே ஏதாவது டியூப் ஒழுகி எலிமென்ட் முனையில் சொட்டுகிறதா என்று. சில நேரம் விஷயம் அவ்வளவு எளிது.

திருகாணி:
ஒயர் சமாச்சாரம் வந்ததால் சொல்கிறேன், என் மெஷின் ஒருநாள் சூடே ஆகவில்லை. பாய்லர் மேல் ஒட்டியிருந்த தெர்மல் ஃபியூஸ் அறுந்திருந்தது. இரண்டு ஒயரையும் நேராக இணைத்துவிட்டேன், இன்றுவரை ஓடுகிறது. எல்லாவற்றையும் இவ்வளவு பயமுறுத்தத் தேவையில்லை.

நீராவி:
திருகாணி சார், கோபித்துக்கொள்ளாதீர்கள், இதைப் படித்துவிட்டு நாலு பேர் அப்படியே செய்வார்கள், அதனால் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த ஃபியூஸ் சும்மா அறுவதில்லை. தெர்மோஸ்டாட்டின் முனைகள் ஒட்டிக்கொண்டு வெட்டாமல் போனாலோ, பாய்லரில் தண்ணீர் இல்லாமல் எலிமென்ட் காய்ந்தாலோ, வெப்பத்தைக் கட்டுப்படுத்தப் பி.ஐ.டி. என்ற மின்னணுக் கருவி வைத்திருந்து அதன் ரிலே ஷார்ட் ஆகி மூடியபடியே நின்றாலோ, கடைசிக் காவலாக அது தன்னை அறுத்துக்கொள்ளும். உங்களிடம் இப்போது அந்தக் காவல் இல்லை, காரணமும் கண்டுபிடிக்கப்படவில்லை. அதே வெப்ப அளவு பொறித்த ஃபியூஸ் வாங்கி மாட்டுங்கள், கூடவே தெர்மோஸ்டாட்டையும் சோதியுங்கள். குளிர்ந்த நிலையில் மூடியிருக்க வேண்டும், சூட்டில் திறக்க வேண்டும். அதுவரை ஆள் இல்லாத நேரத்தில் அந்த மெஷினைப் போட்டுவைக்காதீர்கள்.

ஓம்மீட்டர்:
வழிமொழிகிறேன். புது ஃபியூஸின் காலை ஈயப்பற்று வைத்து இணைக்காதீர்கள், அந்தச் சூட்டிலேயே அது அறுந்துவிடும். கிரிம்ப் செய்ய வேண்டும், அதாவது சின்ன உலோகக் குழலுக்குள் விட்டு நசுக்கி இணைக்க வேண்டும். பம்ப்பின் உடம்பிலும் பல மெஷினில் இதுபோல ஒரு பாதுகாப்பு ஒட்டியிருக்கும். வைப்ரேஷன் பம்ப் ஓரிரு நிமிடம் ஓடினால் ஒரு நிமிடம் ஓய்வு என்ற மாதிரிக் கணக்கில் செய்யப்பட்டது, டிஸ்கேல் செய்கிறேன் என்று நிறுத்தாமல் ஓட்டிச் சூடேற்றுபவர்கள் நிறைய.

இன்னொன்று, பம்ப் காயிலை மல்டிமீட்டரில் வைத்து, ஓம் காட்டவில்லை, பம்ப் செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். உள்ளே ஒரு டயோடு இருக்கிறது, மின் அலையின் ஒரு பாதியில் மட்டும் பிஸ்டனை இழுக்க, மறுபாதியில் ஸ்பிரிங் திருப்பித் தள்ள. அதனால் ஓம் ரேஞ்சில் எண் அபத்தமாகத்தான் வரும்.

இரண்டாம்கோப்பை:
வேலை நடந்தது. தலைத்திருகைக் கழற்றினேன், ஸ்பிரிங்கும் பிஸ்டனும் தானாக வந்தன. பிஸ்டன் நுனி ரப்பரில் பட்டாணித் தோல் மாதிரி மெலிசான வெள்ளைச் சில்லு ஒன்று பதிந்திருந்தது. எடுத்துவிட்டேன், ஆனால் அது இருந்த இடத்தில் ரப்பரில் பள்ளம் தெரிகிறது. ரப்பரைத் திருப்பிப் போடலாமா? தடவ சமையலறையில் வாசலின் இருக்கிறது, பரவாயில்லையா?

ஓம்மீட்டர்:
சமையலறையில் வாசலின் எதற்கு என்று கேட்கமாட்டேன். ஆனால் வேண்டாம். இந்த மாதிரி இடத்தில் பெரும்பாலும் இ.பி.டி.எம். ரப்பர் போட்டிருப்பார்கள், வெந்நீரையும் ஆவியையும் நன்றாகத் தாங்கும், பெட்ரோலிய எண்ணெய் பட்டால் மட்டும் ஊதிக் கெட்டுவிடும். வாசலின் பெட்ரோலியம்தான். உணவுக்கு உகந்த சிலிக்கான் கிரீஸ் மட்டும், அதுவும் மினுமினுப்பு தெரிகிற அளவுக்கு.

ரப்பரைத் திருப்பிப் போடுவது தற்காலிகம். இரண்டு பக்கமும் தட்டையாக இருந்தால் புதுசு வரும்வரை ஓடும்.

நீராவி:
டிஸ்கேல் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இது திரும்ப வரக்கூடாது என்றால். வெகுநாள் விட்டுவிட்டு ஒரே அடியாக டிஸ்கேல் செய்யும்போது உப்புப் படிவு முழுக்கக் கரைவதில்லை, அடியில் பிடிமானம் விட்டுத் தகடு தகடாக உரிகிறது. உரிந்தது எங்கே குறுகலான வழி இருக்கிறதோ அங்கே போய் நிற்கும்: ஓ.பி.வி., சொலினாய்டு, குரூப்புக்குப் போகும் ஊசித் துளை. முதல் கழுவலை சொலினாய்டு, குரூப் வழியாக விடாமல், ஸ்டீம் குழாய் வழியாக வெளியே விட்டுவிடுவது என் வழக்கம், அங்கே வழி அகலம். குரூப்பின் அடியில் இருக்கும் சல்லடையான ஷவர் ஸ்கிரீனைக் கழற்றிவிட்டுச் செய்தால் இன்னும் நல்லது.

நீங்கள் போட்ட 20 கிராம் அளவு சரிதான். சிட்ரிக்கைக் கெட்டியாகவும் கொதிக்கக் கொதிக்கவும் போட்டால் கால்சியம் சிட்ரேட்டாகத் திரும்பப் படிந்து, கரைக்கப்போய் இன்னொன்றை உண்டாக்கிவிடும். வெதுவெதுப்பு போதும். அலுமினிய பாய்லர் என்றால் அமிலத்தை ராத்திரி முழுக்க ஊறவைக்காதீர்கள், உப்பு தீர்ந்ததும் அது உலோகத்தைத் தின்ன ஆரம்பிக்கும். வினிகர் ஆட்கள் வருவதற்கு முன் சொல்லிவிடுகிறேன், வினிகரும் கரைக்கும், ஆனால் அந்த வாடை ரப்பரில் ஏறினால் லேசில் போகாது.

பழையபம்ப்:
அப்படியென்றால் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிவிட்டால் டிஸ்கேலே வேண்டாமே?

நீராவி:
உப்பு படியாது, உண்மை. ஆனால் தண்ணீர் மட்டத்தை மின்கடத்தல் மூலம் உணரும் பாய்லர்கள் உண்டு, அவற்றில் சுத்தமான தண்ணீர் ஊற்றினால் உணரிக்குத் தண்ணீர் இருப்பதே தெரியாமல் பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும். ருசியும் சப்பென்று இருக்கும். டிஸ்டில்டு தண்ணீரில் ஒரு லிட்டருக்கு 100 மில்லிகிராம் பொட்டாசியம் பைகார்பனேட் கலந்து ஊற்றுபவர்கள் நிறையப் பேர். கால்சியம் இல்லாததால் படிவு வராது, உணரிக்கும் போதுமான கடத்தல் கிடைக்கும். நானும் அதைத்தான் செய்கிறேன்.

இரண்டாம்கோப்பை:
புது ரப்பர் வந்தது, மாட்டினேன். கோட்டைப் பார்த்துத் திருகைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தேன். மூடியை மூடாமல் குளிர்ந்த தண்ணீரை ஓடவிட்டு எல்லா இணைப்பையும் டிஷ்யூ பேப்பரால் தொட்டுப் பார்த்தேன், ஈரம் இல்லை. 30 வினாடியில் குரூப்பில் 259 கிராம், ரிட்டர்னில் ஒரு சொட்டுகூட இல்லை. பம்ப் குரல் மாறுகிறது!

ஒரு நண்பரிடமிருந்து போர்ட்டாஃபில்டரில் மாட்டும் கேஜ் கடன் வாங்கினேன். அடைத்து வைத்துப் பார்த்தால் 12 பார் காட்டுகிறது. பெட்டியில் 15 பார் என்று பெருமையாகப் போட்டிருக்கிறது. 9 தான் வேண்டும் என்கிறார்கள். எதை நம்புவது?

ஓம்மீட்டர்:
15 என்பது பம்ப் மூச்சை அடக்கித் தள்ளக்கூடிய உச்சம், அப்போது தண்ணீர் ஓட்டமே இருக்காது. காபிக்கு அது தேவையில்லை, மெஷின் விற்கத்தான் தேவை. 9 என்ற எண் பழசு. கையால் இழுக்கும் ஸ்பிரிங் லீவர் மெஷின்கள் அந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் அழுத்தின. 1961-ல் இத்தாலிய நிறுவனமான ஃபேமா கொண்டுவந்த இ61 மெஷின் லீவருக்குப் பதில் மின்பம்ப்பை வைத்து ஏறக்குறைய அதே பிரஷரைக் கொடுத்தது. அந்த ஆண்டு நடந்த சூரிய கிரகணத்தை வைத்துத்தான் அதற்கு அந்தப் பெயரே, இது சும்மா கொசுறுத் தகவல்.

அடைத்து வைத்துப் பார்க்கும் பிரஷர், காபி ஓடும்போது இருப்பதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத்தான் காட்டும். ஆகவே கேஜில் 10 வரும்வரை திருகைக் கால் சுற்று கால் சுற்றாக வெளியே எடுங்கள், ஓட்டத்தில் அது 9-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். ஒவ்வொரு முறையும் பம்ப்பை நிறுத்திவிட்டு, பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் திருகைத் தொடுங்கள்.

பழையபம்ப்:
12-ல் ஓடும்போது காபித்தட்டில் (போர்ட்டாஃபில்டரில் அழுத்திவைத்த தூள் வில்லையில்) விரிசல் விட்டு ஒரு பக்கமாகப் பீய்ச்சியிருக்குமே, கவனித்தீர்களா? பிரஷரைக் குறைத்ததும் அரைப்பைக் கொஞ்சம் மாற்ற வேண்டிவரும். எனக்கு அந்த மாற்றத்துக்குப் பிறகு கசப்பு நன்றாகக் குறைந்தது, பம்ப் மாற்றியபோதுகூட அவ்வளவு வித்தியாசம் தெரியவில்லை.

இரண்டாம்கோப்பை:
ஆமாம், பீய்ச்சல் இருந்தது, நான் டேம்ப், அதாவது தூளை அழுத்தியது, சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். 10-க்குக் கொண்டுவந்துவிட்டேன். 18 கிராமுக்கு 36 கிராம், 29 வினாடி.

ஒரே ஒரு மிச்சம். ஷாட் முடிந்து ஸ்விட்சை அணைத்த பிறகும் குரூப்பிலிருந்து சில நிமிடம் சொட்டிக்கொண்டே இருக்கிறது. காபித்தட்டும் சேறு மாதிரி இருக்கிறது.

ஓம்மீட்டர்:
அதே குடும்பத்துச் சில்லு சொலினாய்டிலும் ஒன்று இருக்கும். அணைத்ததும் அது பாய்லர் வழியை மூடி, குரூப்பைக் கீழ்த்தட்டுக்குத் திறக்க வேண்டும். முழுக்க மூடாததால் சொட்டு, வெளியேற்று வழி குறுகியதால் சேறு. சூடேறும்போது குரூப்பில் ஒன்றிரண்டு சொட்டு விழுந்தால் கவலை வேண்டாம், தண்ணீர் விரிவடைவதுதான். அணைத்த பிறகும் நிமிடக்கணக்கில் என்றால் கழற்றத்தான் வேண்டும். காயிலின் மேல்நட்டை எடுத்து, காயிலை உருவி, அடியில் இருக்கும் தண்டைத் திருகி எடுங்கள். உள்ளே இருக்கும் இரும்பு உருளையின் இரண்டு நுனியிலும் ரப்பர் இருக்கும், இரண்டையும் துடையுங்கள், அது உட்காரும் துளைகளையும். ஸ்பிரிங் எந்தப் பக்கம் இருந்தது என்று போட்டோ. காயிலைக் கழற்றிய நிலையில் மின்சாரம் கொடுத்துப் பார்க்காதீர்கள், உள்ளே இரும்பு இல்லாமல் காயில் எரிந்துவிடும்.

முடித்ததும் பிளைண்ட் பாஸ்கெட்டில் எஸ்பிரெசோ மெஷின் கழுவும் பொடி அரை டீஸ்பூன் போட்டு 10 வினாடி ஓட்டம், 10 வினாடி நிறுத்தம் என்று நாலைந்து முறை பேக்ஃபிளஷ் (தண்ணீரைத் திரும்பக் குரூப், வால்வு வழியே விட்டுக் கழுவுவது) செய்யுங்கள், பிறகு வெறும் தண்ணீரில் அதே மாதிரி. காபி எண்ணெய்ப் பிசுக்கு அமிலத்துக்கு அசையாது, அதற்குக் காரம்தான் வேண்டும். மூன்றுவழி வால்வு இல்லாத மெஷின் வைத்திருப்பவர்கள் இதைச் செய்யாதீர்கள், உள்ளே ஏறிய பிரஷருக்கு வெளியேற வழி இருக்காது, போர்ட்டாஃபில்டரைத் திறக்கும்போது முகத்தில் தெறிக்கும்.

ஆவி_பறக்கும்_அறை:
எலக்ட்ரீஷியன் மெக்கர் வைத்துப் பார்த்தார். எலிமென்ட்டில் கசிவுதான். வெளியே எடுத்தபோது குழாயில் ஊசிக்குத்து மாதிரி அரிப்பு, பச்சையாகப் பூத்திருந்தது, உலர்த்திப் பயனில்லை. புது எலிமென்ட்டும் பாய்லர் கேஸ்கட்டும் சேர்த்துச் சொல்லியிருக்கிறேன். போல்ட்டுகளை எப்படி இறுக்குவது, ஏதாவது வரிசை உண்டா?

நீராவி:
குறுக்கெதிர் வரிசையில், கொஞ்சம் கொஞ்சமாக, இரண்டு மூன்று சுற்றாக. ஒரே போல்ட்டை முழுக்க இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் கேஸ்கட் ஒரு பக்கம் நசுங்கி மறுபக்கம் ஒழுகும். பழைய கேஸ்கட்டைத் திரும்பப் போடாதீர்கள். மூடிய பிறகு பாய்லரில் தண்ணீர் நிரம்பிவிட்டதா என்று ஸ்டீம் குழாயில் தண்ணீர் வரும்வரை பம்ப்பை ஓட்டி உறுதி செய்துகொண்டு, அதற்குப் பிறகுதான் சூட்டுக்குப் போடுங்கள்.

இரண்டாம்கோப்பை:
சொலினாய்டையும் பார்த்துவிட்டேன், உள்ளே மணல் மாதிரி கொஞ்சம் இருந்தது. இப்போது அணைத்ததும் கீழ்த்தட்டில் புஸ்ஸென்று ஒரு சத்தம், குரூப் உடனே நின்றுவிடுகிறது, காபித்தட்டு தட்டினால் முழுசாக விழுகிறது. குரூப் கேஸ்கட்டும் கல் மாதிரி இருக்கிறது, அதையும் மாற்றிவிடலாம் என்று பார்க்கிறேன், எடுக்க வரவில்லை.

பழையபம்ப்:
சின்ன ஸ்குரூ ஒன்றை அந்த ரப்பருக்குள்ளேயே திருகி இறக்கி, பிளையரால் ஸ்குரூவைப் பிடித்து இழுங்கள். உடைந்து துண்டு துண்டாகத்தான் வரும், வரட்டும். பள்ளத்தைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் புதுசை மாட்டுங்கள். வாங்கும்போது தடிமனைப் பார்த்து வாங்குங்கள், 8 மி.மீ.யும் 8.5-உம் தனித்தனியாகக் கிடைக்கும், தப்பானதைப் போட்டால் கைப்பிடி நேராக நிற்காது.